பட்டியலில் ஏழாவது பெயர்

‘காதொலிக் கருவி வேண்டா எனத் தங்கள் பள்ளி தெரிவித்துள்ளதால், இவ்வாண்டு மானியத்தில் ஒதுக்கீடு இல்லை.’

கடிதத்தை மூன்று முறை படித்தேன். வேண்டா என்று எந்தப் புண்ணியவான் தெரிவித்தான்? ஐந்தாம் வகுப்பு டீச்சர் சுஜாதா, அதாவது நான்தான், அந்தப் படிவத்தை நிரப்பினேன். பெயர் என்று இருந்த கட்டத்தில் பிள்ளையின் பெயரை எழுதினேன். பிள்ளையின் பெயர் வேண்டா.

சிரிக்காதீர்கள். மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் நாலு ஊருக்கு ஒரு வேண்டா இருப்பாள். இவளுடைய அப்பா துரைக்கு மூன்று பெண்கள் பிறந்து, நான்காவதும் பெண்ணானதும், போதும் சாமி என்று வைத்த பெயர். அடுத்தது விஷால் பிறந்தான். பெயர் வேலை செய்துவிட்டதாம்! அவளுக்குக் காது மந்தம் என்று கண்டுபிடிக்க அந்த வீட்டுக்கு ஐந்து வருடம் ஆயிற்று. ஆசையாகக் கூப்பிட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

அது 2004, பிப்ரவரி மாதம். துரை தண்ணீர் லாரி ஓட்டுபவர். கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“டீச்சரம்மா, ஆறாவதுக்கு ஈசிஆர் ரோட்ட தாண்டிப் போவணும். வண்டிங்க பிச்சிகினு வருது. ஆரன் கேக்காத பொண்ண எப்டி அனுப்பறது? மிசினு வந்தா அனுப்பறேன். வரலையா, வூட்லயே கெடக்கட்டும்.”

அந்த மனுஷன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. லாரி ஓட்டுபவருக்குத்தானே லாரியைப் பற்றித் தெரியும். கருவி வராவிட்டால் அவள் படிப்பு ஐந்தாவதோடு சரி.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கல்வி ஆபீசுக்குப் போனேன். வாசல் சுவரில் புதிதாக ஆள் உயரத்துக்கு ஒரு காதை வரைந்து, பக்கத்தில் ஒரு பிள்ளையைச் சிரிக்க வைத்திருந்தார்கள். விழிப்புணர்வாம். அதற்கும் இதே மானியம்தான். சுவருக்குக் காது வந்துவிட்டது, என் பிள்ளைக்குத்தான் வரவில்லை.

பட்டியல் தயாரித்த கிளார்க் ராமானுஜம் கூடுவாஞ்சேரியிலிருந்து வருபவர். எங்கள் ஊருக்குள் கால் வைத்ததே கிடையாது.

“இன்னா டீச்சர், பெத்த பொண்ணுக்கு யாராச்சும் வேண்டான்னு பேர் வெப்பாங்களா? கருவி வேணான்னு எழுதியிருக்கீங்கன்னு நெனச்சேன். இனிஷியலாவது போட்டிருக்கலாம்ல?”

எனக்குச் சுருக்கென்றது. இனிஷியலை விட்டது நான்தான். அவசரத்தில் எழுதிய என் கையை அங்கேயே நறுக்கிப் போடலாம் போலிருந்தது.

“சரி சார், இப்ப திருத்துங்க.”

“லிஸ்ட் சாங்ஷன் ஆயிடுச்சு டீச்சர். ஒரு எழுத்து மாத்த முடியாது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

“அடுத்த வருஷம் அவ ஆறாவது.”

“அப்போ அது வேற ஆபீஸ்” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

மேஜை மேல் கிடந்த பட்டியலைப் பிடுங்காத குறையாக எடுத்துப் பார்த்தேன். ஏழாவது வரிசை. மாணவர் பெயர்: வேண்டும். கருவி: ஒன்று. பள்ளி: பக்கத்து ஊர்.

அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் நரசிம்மனுக்கு போன் போட்டேன்.

“எங்க ஸ்கூல்ல யாருக்கும் காது கேக்காம இல்லையே டீச்சர். காதொலிக் கருவின்னதும் பிரேயருக்கு மைக் செட்டு குடுக்கறாங்கன்னு நெனச்சேன். எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு புரியல, மொத கட்டத்துலயே வேண்டும்னு போட்டுட்டேன்.”

அடப்பாவி மனுஷா! வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, நேரில் போய் ஒரு கடிதத்தில் அவரிடம் கையெழுத்து கேட்டேன். மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தார்.

மார்ச்சில் செங்கல்பட்டில் ஒரு மண்டபத்தில் விழா. காது கேட்காத இருபது பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்து, இரண்டு மணி நேரம் மைக்கில் பேசினார்கள். ஒரு பெரிய மனிதர் நடுவில் நிறுத்தி, “பின்னாடி கேக்குதா?” என்று வேறு கேட்டார். பிறகு ராமானுஜம் பட்டியலைப் படித்தார்.

“ஏழு. வேண்டும்! வேண்டும் யாரும்மா?”

வேண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேடையேறினேன். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார்.

“டீச்சர், இது…”

“ஒரு எழுத்து மாத்த முடியாதுன்னீங்களே சார். மாத்தாதீங்க” என்று, ‘எங்கள் பள்ளிக்கான கருவியை இந்தப் பிள்ளைக்கே கொடுக்கவும்’ என்ற நரசிம்மனின் கடிதத்தை நீட்டினேன். போட்டோக்காரர் அவசரப்படுத்தினார். ராமானுஜம் பெட்டியைக் கொடுத்துவிட்டார்.

கருவியை அங்கேயே மாட்டிவிட்டார்கள். சட்டைப் பையில் சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். வெளியே வந்தோம். லாரியை ஓரங்கட்டிவிட்டு நின்றிருந்த துரை, எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து சத்தம் போட்டார்.

“ஏய், வேண்டா!”

அவள் சட்டென்று திரும்பினாள். பின்னாலிருந்து கூப்பிட்டு அவள் திரும்பியது அதுதான் முதல் தடவை. துரை எங்கள் பக்கத்தில் வந்தார். மகளைப் பார்த்தபடி நின்றார்.

அவள் என் புடவையை இழுத்தாள். “டீச்சர், மேடைல வேற பேரு கூப்ட்டாங்க போலருக்கே, செரியா கேக்கல. அது இன்னா?”

“வேண்டும்” என்றேன்.

“அதையே வெச்சிக்கறேன் டீச்சர்.”

துரை காதிலும் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டு, “எழுதிடுங்க டீச்சரம்மா” என்றார்.

ஜூனில் ஆறாம் வகுப்புக்கு டி.சி. எழுதினேன். அத்தாட்சி கேட்டு யாராவது வரட்டும், ஒரு எழுத்துகூட மாற்ற முடியாத அரசாங்கப் பட்டியலின் நகல் என்னிடம் இருக்கிறது. பெயர் கட்டத்தில் ‘து. வேண்டும்’ என்று எழுதினேன். இனிஷியலை இந்த முறை மறக்கவில்லை.