எந்த மிக்ஸ் யாருடையது

பாடகியின் பாட்டு ஒன்றை அவளும் அத்தானும் தனித்தனியே மிக்ஸ் செய்திருந்தார்கள். ஸ்டூடியோவில் அத்தான் முதலில் அவளுடைய மிக்ஸைப் போட்டார். பிறகு தன்னுடையதை. அது அறையை நிரப்பியது. சோபாவில் இருந்த பாடகி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சார், உங்களுது கும்முனு இருக்கு."

"இருக்காதா பின்னே?" அத்தான் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். "புது லிமிட்டர். மேல ஒரு கூரையைப் போட்டுட்டு, பாட்டை அதுல முட்ட முட்டத் தூக்கி விடும். என் மச்சினி இன்னும் பழைய கம்ப்ரசரையே கட்டிக்கிட்டு அழறா. பாவம், காது வேற முன்ன மாதிரி இல்ல."

காய்ச்சலுக்குப் பின் மச்சினிக்குக் காது மந்தமாகிவிட்டதென்று இந்த நாற்காலியிலிருந்துதான் அவர் கதை கட்டினார். இருவரும் சேர்ந்து நடத்திய ஸ்டூடியோ அவர் கைக்குப் போனது. அவளைத் தேடி வந்தவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அக்காவும் நம்பியதைத்தான் பொறுக்க முடியவில்லை. இன்றைக்கும் அக்கா போனில் கத்திக் கத்தித்தான் பேசுகிறாள். அந்தச் சத்தத்திலும் இவள் போனைக் காதிலிருந்து விலக்குவதில்லை, அத்தான் மேலுள்ள கோபம் ஆறிவிடக் கூடாதே என்று.

"சத்தம் கூடினா எதுவும் நல்லாத்தான் தெரியும்," என்றாள் பாடகியிடம். "ரெண்டையும் ஒரே சத்தத்துல கேக்கலாமா?"

பாடகி தலையாட்டினாள். மச்சினி சத்த அளவைக் காட்டும் மீட்டரைப் பார்த்தபடியே அவருடையதன் சத்தத்தை இறக்கித் தன்னுடையதோடு சமமாக்கினாள்.

"அத்தான், ஸ்கிரீனைப் பாக்காம திரும்பி உட்காருங்க. எது உங்களுதுன்னு சொல்லுங்க."

"என் பிள்ளையை எனக்குத் தெரியாதா?" சிரித்துக்கொண்டே திரும்பினார்.

முதலில் வந்ததில் டிரம் தலையணையை அடித்த மாதிரி கேட்டது. பல்லவி, சரணம் எல்லாம் ஒரே மட்டம். மூச்சு விடக்கூட இடமில்லை. அடுத்ததில் ஒவ்வொரு அடியும் நெஞ்சில் வந்து விழுந்தது. கம்ப்ரசர் குரல் எகிறிய இடங்களை மட்டும் மெல்ல அழுத்திப் பிடித்திருந்தது. குரல் தாழ்ந்தபோது பாடகி தன்னையறியாமல் முன்னால் சாய்ந்தாள்.

"இதான்! ரெண்டாவது!" அத்தான் தொடையைத் தட்டினார். "முதல்ல வந்தது செத்துக் கிடக்கு. அது யார் வேலைன்னு சொல்லணுமா?"

அவள் ஸ்கிரீனை ஆசைதீர, மெல்ல மெல்ல அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"எதையாவது மாத்தி வச்சியா?"

"நீங்களே போட்டுப் பாருங்க."

போட்டார். முகம் வெளிறியது. பாடகி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆல்பம் முழுக்க நீங்களே பண்ணிடுங்க மேடம்," என்றவள் வாசலில் நின்று அவரைப் பார்த்தாள். "காது கேக்கலன்னு சொன்னது இவங்களையா சார்?"

கதவு மூடியதும் அத்தானின் குரல் இறங்கியது. "உங்க அக்காகிட்ட சொல்லிடாதம்மா."

"நான் ஏன் சொல்றேன்? நீங்கதான் சொல்லப் போறீங்க. காய்ச்சல் கதையிலேர்ந்து ஆரம்பிச்சு ஒண்ணு விடாம. இப்பவே, என் முன்னாடி."

"என்னை வீட்டை விட்டே துரத்திடுவா."

"துரத்தினா என்ன? ஸ்டூடியோ உங்களுதுதானே, இங்கயே படுத்துக்கங்க."

அவர் போனை எடுத்தார். அவள் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஸ்பீக்கர்ல போடுங்க அத்தான்."