ஒரு ஃபிரேமும் விடாமல்

"மூஞ்சி கட்டம் கட்டமா தெரியுதுடா," என்றாள் அக்கா போனில். "மூக்கு எது, வாய் எதுன்னே தெரியல."

சின்னவன் கணினியில் ஓடிக்கொண்டிருந்த கட்டளையை நிறுத்தினான். கட்டிலில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். கால்மாட்டில் ஸ்டாண்டில் கேமரா. பக்கத்து மேசையில் அப்பாவின் அரதப்பழசான மடிக்கணினி. அவனுடையது அலுவலகத்திலேயே கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடிய அவசரத்தில் அதை யார் எடுத்தார்கள்?

அவன் பிழைப்பே இதுதான். எங்கோ நடக்கும் பந்தயத்தையும் கல்யாணத்தையும் வேறெங்கோ உட்கார்ந்திருப்பவர்களுக்கு நேரலையாக அனுப்புவது. வீட்டில் அவனுக்கு 'வயர்' என்று பெயர். வைத்தவர் அப்பாதான். அக்காவுக்கு எட்டாம் மாதம், விமானத்தில் ஏறக்கூடாது. அதனால் பொழுது விடிந்ததிலிருந்து வயர் இந்தக் கறுப்புத் திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

வேலையிடத்தில் ஒரே விதி. கணினி திணறினால் ஓடும் படத்தின் நடுவில் சில ஃபிரேம்களை, சில தனிப் படங்களை, தூக்கி எறி, நேரத்தைப் பிடி. பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. இங்கே அதற்கு அவனுக்கு மனசு வரவில்லை. அப்பாவின் முகத்தில் எதை எறிவது? கேமராவில் வருவதையெல்லாம் முதலில் கோப்பில் பதிந்து, அதிலிருந்து ஒன்றுவிடாமல் எடுத்து அனுப்பும்படி கட்டளையை மாற்றி எழுதினான். படத்தின் தரத்தையும் தாராளமாகக் கூட்டினான்.

"இப்ப பாருக்கா."

"ஷேவ் பண்ணி விடலையா அவருக்கு?"

"பண்ணலக்கா."

"நல்லா தெரியுது. இனி எதையும் மாத்தாத." மூக்கை உறிஞ்சினாள். "அன்னைக்கு போன் பண்ணாரு. அப்புறம் பேசறேன்ப்பான்னு வெச்சுட்டேன். முகத்த மூடறதுக்கு முன்னாடி நான் ஒரு வார்த்தை பேசணும்டா."

"மாமா துணிய கையில எடுக்கறது உனக்கே தெரியும். உடனே அடி. நான் போனை அவர் காதுகிட்ட வெக்கறேன்."

சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். ஓடும் எண்களைப் பார்த்த பெரியம்மா, "இந்த நேரத்துலயும் ஆபீஸ் வேலையாடா?" என்று கேட்டாள். அவளுக்கு விளக்கி மாளாது. அவன் திரையின் வெளிச்சத்தை மட்டும் அணைத்தான். உள்ளே வேலை ஓடிக்கொண்டிருந்தது.

மதியத்துக்குமேல் வண்டி வந்து நின்றது. மாமா மடித்த வெள்ளைத் துணியைக் கையில் எடுத்தார். சின்னவன் குனிந்து போனை அப்பாவின் காதோரம் பிடித்தான். போன் அடிக்கவில்லை.

"நீயே அடியேன்டா," என்றார் மாமா.

"வேணாம் மாமா. பாத்துக்கிட்டுதான் இருக்கா. பேச முடிஞ்சா அவளே அடிப்பா."

காத்திருந்தார்கள். அவன் கை மரத்துப்போனது. வண்டிக்காரர் வாசலில் இருமினார். "நேரமாவுதுப்பா," என்றான் அண்ணன். அக்காவால் முடியவில்லை போல, அழுது ஓய்ந்திருப்பாள் என்று சின்னவன் நினைத்தான். போனை எடுத்துக்கொண்டான். மாமா முகத்தை மூடினார். நாலு பேராகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"அதையெல்லாம் நிறுத்திட்டு பின்னாடி கார்ல வா," என்றான் அண்ணன். வண்டி தெருமுனையில் திரும்பியது.

சின்னவன் உள்ளே வந்து திரைக்கு வெளிச்சம் கொடுத்தான். கடைசி வரியில் வேகம் ஒன்று என்று இருக்க வேண்டும், ஒரு நிமிஷப் படம் ஒரு நிமிஷத்தில் போய்விட வேண்டும். முக்கால்கூட இல்லை. அவன் கேட்ட தரத்துக்கு அந்தக் கிழட்டுக் கணினியால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒன்றையும் விடாதே என்று சொல்லியிருந்தான், அது விடவில்லை. விடாமல், பின்னால், மெதுவாக வந்துகொண்டிருந்தது. அக்கா பார்க்கும் பக்கத்தைத் திறந்தான். அதில் அப்பா இன்னும் கட்டிலில் இருந்தார். பெரியம்மா அவர் கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

புதுசாகச் சேர்ந்தவன்கூட முதலில் பார்க்கிற எண் அந்த வேகம். யாரிடம் போய்ச் சொல்வது? வாசலுக்கு ஓடினான். தெருவில் ஒன்றுமில்லை. அண்ணனுக்கு அடித்தான். அண்ணன் எடுக்கவில்லை. திரும்பி வந்து, எவ்வளவு நேரம் என்றே தெரியாமல் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

போன் அடித்தது.

"மாமா துணிய எடுத்துட்டாரு," என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது. "காதுகிட்ட வை."

"அக்கா..."

"வெச்சுட்டியா? ஆங், வெச்சுட்ட. தெரியுது. நல்லா ஒட்டி வை."

அவன் திரையைப் பார்த்தான். அதில் அவனே குனிந்து, அப்பாவின் காதோரம் போனைப் பிடித்திருந்தான்.

"அப்பா, நான்தான்," என்றாள் அக்கா. "அப்புறம் பேசறேன்னேன்ல."

இன்னும் சற்று நேரத்தில் திரையில் இருப்பவன் அந்தப் போனை எடுத்துவிடுவான். மாமா முகத்தை மூடிவிடுவார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஏன்டா எடுத்தே என்று அக்கா கேட்பாள். என்ன பதில் சொல்வது?

"அன்னைக்கு எனக்கு வேலை ஒண்ணும் இல்லப்பா. சும்மாதான் படுத்திருந்தேன்."

சின்னவன் கட்டளையை நிறுத்தினான். ஓடிய எண்கள் அப்படியே நின்றன. படம் நின்றால் வரும் சுழல் வட்டம் அக்காவின் திரையில் வராது. பார்த்துப் பதறுவாள் என்று காலையிலேயே அதை எடுத்துவிட்டிருந்தான். படத்தில் அப்பா, அவர் காதோரம் ஒரு கை. ஏற்கெனவே அசையாமல் இருந்தவர்கள்தான்.

அக்கா நிறுத்தவில்லை. ராத்திரியில் இடுப்பு வலிப்பதைச் சொன்னாள். டாக்டர் திட்டியதைச் சொன்னாள். ஒரு இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தாள்.

சின்னவன் போனைத் தலையணைமேல் வைத்துவிட்டு, சத்தம் வராமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.