‘உ’ என்ற போல்டருக்குள் போன பாட்டுகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுதவென்று நான் உட்காரவில்லை. என்னுடைய பாட்டுகளைப் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து புதியதுக்கு மாற்றத்தான் உட்கார்ந்தேன். மாற்றி முடித்துப் பார்த்தால் ஒன்றும் பாடவில்லை. பாட்டெல்லாம் பத்திரமாகக் கிடக்கிறது, ஆனால் அதைப் போடுகிற மென்பொருள் பழைய விலாசத்துக்கே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. என்னைவிட மோசமாக மாட்டிக்கொண்ட ஒருவரை எழுதினால் மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று இதைத் தொடங்கினேன்.

2

முதல் தொடக்கம்: வெள்ளவத்தையில் அன்று கடல்—

(வேண்டாம். வெள்ளவத்தை என்றதும் கடலை இழுத்துக்கொண்டு வருகிற பழக்கத்தை நாங்கள் எல்லாரும் விடவேண்டும்.)

இரண்டாவது: வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கனகசபாபதி—

(இதுவும் சரிவராது. ஓய்வுபெற்றவர் என்றதும் நீங்கள் பரிதாபப்படத் தொடங்கிவிடுவீர்கள். மனுசன் நல்ல சந்தோசமாக இருக்கிறார்.)

சரி, நேரே விசயத்துக்கு வருகிறேன். கனகசபாபதியின் மனைவி அருந்ததி பாட்டுப் பைத்தியம். அவவுடைய ஹார்ட் டிஸ்க் கொஞ்ச நாளாகக் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவ வத்தளைக்கு ஒரு கலியாணத்துக்குப் போயிருந்த நாளில், இவர் பம்பலப்பிட்டியில் புதிதாக ஒன்று வாங்கிவந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றினார். மாற்றி முடிந்ததும் பழையது உயிரை விட்டது. தக்க சமயத்தில் காப்பாற்றிவிட்டேன் என்று அவருக்குத் தலைகால் தெரியாத சந்தோசம், ஒரே புளுகம்.

மாற்றுவதற்கு முன்னர் புது டிஸ்க்குக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.* அதோடு நின்றிருக்கலாம். திறந்து பார்த்தபோது உள்ளே ஒன்றுமில்லாமல் வெறுமையாகக் கிடந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. கடைச் சிட்டை எழுதினாலும் தலைப்பில் பிள்ளையார் சுழி போட்டுத்தான் அவருக்குப் பழக்கம். ‘உ’ என்று ஒரு போல்டரைத் திறந்து, பாட்டு முழுவதையும் அதற்குள் இறக்கினார்.

[* இதை வாசித்த என் நண்பர் மர்ஸூக், ஹார்ட் டிஸ்க்குக்குப் பொட்டு வைக்கிற ஆள் உண்டா, நம்புகிற மாதிரி எழுதும் என்றார். எங்கள் தொடர்மாடிக்கு வந்து வோஷிங் மெஷின்களைப் பாருங்கள் மர்ஸூக்.]

3

சனிக்கிழமை பின்னேரம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஷஹீமா வந்தா. அருந்ததியும் அவவும் ஒரே அலுவலகத்தில் பக்கத்து மேசைகளில் இருந்து பழகிய சிநேகிதிகள். ஷஹீமாவுக்கு முழங்காலில் ஒப்பரேஷன் நடந்ததிலிருந்து, அருந்ததியின் ஹோலில் பாட்டுப் போட்டுத்தான் நடைப் பயிற்சி. முதலில் ஆறுதலான பாட்டு, பிறகு நின்று மூச்சு வாங்க ஒன்று, பிறகு கொஞ்சம் துள்ளல். இப்படி அருந்ததி தானே நடந்து நடந்து பார்த்து அடுக்கிய வரிசை அது. அடுத்து எது வரும் என்று ஷஹீமாவின் காலுக்கே தெரியும்.

அன்றைக்குத்தான் முதன்முதலாக ஊன்றுகிற பொல்லு இல்லாமல் நடப்பதாக இருந்தது. இன்றைக்கு விட்டால் பிறகு துணிவு வராது என்று அவ முதல்நாளே போனில் சொல்லியிருந்தா.

அருந்ததி லெப்டொப்பைத் திறந்தா. பாட்டு ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு ஆச்சரியக்குறி. எந்தப் பாட்டையும் காணவில்லையாம்.

கனகசபாபதி புது டிஸ்க் வாங்கிய கதையை மென்று விழுங்கிச் சொன்னார். எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிவிடட்டா என்று கையை நீட்டினார்.

“தொடாதேங்கோ,” என்றா அருந்ததி. “பாட்டு வரும். வரிசை வராது.”

(எனக்கும் இதே வருத்தம்தான். வசனங்கள் கையில் இருக்கின்றன, எதற்குப் பிறகு எது என்றுதான் தெரியவில்லை.)

4

இனி முடிவு. சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

அ) ஷஹீமா பொல்லை ஊன்றிக்கொண்டு திரும்பிப் போகிறா. எழுதினேன், அழித்தேன். படிக்கட்டு வரைக்கும்கூட அவவை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

ஆ) கனடாவிலிருந்து மகன் போனில் சொல்லிக்கொடுத்துச் சரிபண்ணுகிறான். வெள்ளவத்தையில் எல்லாச் சிக்கலையும் தீர்ப்பது இந்த மகன்தான். ஒரு கதையிலாவது அவன் நித்திரை கொள்ளட்டும்.

இ) நான் இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அருந்ததி டிஸ்க்கைத் திறந்து ‘உ’வைக் கண்டுபிடித்துவிட்டா. பாட்டெல்லாம் அதற்குள் கிடக்க, மென்பொருள் ‘உ’ இல்லாத பழைய விலாசத்திலேயே தேடியிருக்கிறது. இதென்ன என்று கேட்டா.

“வெறுமையாக் கிடந்தது. மனம் கேக்கேல்லை. நீர் கோவிக்காதையும்,” என்றார் கனகசபாபதி. பாட்டுகளை வெளியே இழுத்துவிட்டு ‘உ’வை அழிக்க அவரே மவுஸைப் பிடித்தார். கை ஓடவில்லை. பிள்ளையாரையல்லவா அழிக்கவேண்டும்.

சோபாவிலிருந்து ஷஹீமா எட்டிப் பார்த்தா.

“அத ஏன் அண்ணன் எடுக்கிறீங்க? நாங்களும் பிஸ்மி சொல்லாம ஒண்ணும் தொடங்குறல்ல. அது அங்கயே ஈக்கட்டும். புது விலாசத்தச் சொல்லிக்குடுங்க, போதும்.”

அருந்ததிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காணாமல் போன பாட்டுகளில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அது ‘உ’வுக்குள் இருக்கிறது என்று காட்டினா. மற்றவற்றையும் அங்கே தேடட்டுமா என்று மென்பொருள் கேட்டது. அவ அழுத்துவதற்கு முன்னரே கனகசபாபதி திரையைப் பார்த்து, “ஓம், ஓம்,” என்றார். ஆச்சரியக்குறிகள் மளமளவென்று மறைந்தன. வரிசையெல்லாம் அப்படியே வந்து நின்றது. மனுசன் ஆட்டமே போட்டிருப்பார், பெண்கள் இருவரும் இருந்ததால் அடக்கிக்கொண்டார்.

5

ஷஹீமா எழும்பினா. பொல்லைக் கனகசபாபதியிடம் கொடுத்தா. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். அருந்ததி முதல் பாட்டுக்கு மேலே விரலை வைத்தா.

எந்தப் பாட்டு என்று யோசித்தேன். ஒன்றை எழுதி வெட்டினேன், இன்னொன்றை எழுதி வெட்டினேன். அவை எனக்குப் பிடித்த பாட்டுகள், அவ்வளவுதான். விழுந்து கிடந்த ஒரு நாளில் உங்களை எழுப்பி நடக்கவைத்த பாட்டு ஒன்று உங்களிடம் இருக்கும். அதை இந்த இடத்தில் போடுங்கள்.

கெதியாப் போடுங்கள். அவ பொல்லில்லாமல் நிற்கிறா.