நெட்டு வராத கம்பங்கள்

வாலிபால் கம்பங்களைத் தெருவின் இரண்டு முனையிலும் நட்டது யார் என்று விளையாட்டுத் துறை அதிகாரி கேட்டார். தர்மனும் யாரென்று தேடுவதுபோல் சுற்றிப் பார்த்தான். நட்டவனே அவன்தான். பிள்ளையார்பாளையம் இளைஞர் மன்றத்தின் செயலாளரும் அவன்தான்.

அரசாங்கம் மன்றத்துக்கு விளையாட்டு மானியம் கொடுத்திருந்தது. முதலில் கம்பங்கள் வந்தன. நடுவில் கட்டும் நெட்டும் பந்தும் அடுத்த தவணையில் என்றார்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போயின, தவணை வரவில்லை. நெசவுக்காரர் தெருவில் இரண்டு நல்ல இரும்புக் கம்பங்கள் சும்மா கிடந்தால் விடுவார்களா? தறி முதலாளி மயில்வாகனம், தறியில் ஏற்றும் நீளநூலான பாவைக் கட்டக் கேட்டார், தர்மன் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து காலையில் தெரு நீளத்துக்குப் பட்டுநூல் அந்தக் கம்பங்களில்தான் கயிறு போட்டு இழுத்துக் கட்டிக் கிடக்கும்.

இன்றும் கட்டியிருந்தது. அரக்குச் சிவப்பு, கஞ்சி போட்ட ஈரம் காயவில்லை. அதற்கு முன்னால்தான் ஜீப் வந்து நின்றது.

"எம்மாம் பெரிய நெட்டுபா இது?" என்றார் அதிகாரி அஜிதநாதன். பக்கத்து ஊரான திருப்பருத்திக்குன்றத்துக்காரர், பாவு தெரியாமல் இருக்காது.

"நெட்டு வரலியே சார். கம்பம் துரு புடிச்சிக்கினு இருந்துச்சு."

"வெளையாடக் குடுத்ததுல பாவு ஓட்றாங்கன்னு எழுதினா, நெட்டு இல்ல, கம்பமும் திரும்பிப் போயிடும். ஓரிக்கை வரைக்கும் போய்ட்டு வரேன். கம்பம் ரெண்டும் திடல்ல நிக்கணும்."

ஜீப் போனதும் தர்மன் முடிச்சில் கை வைத்தான். மயில்வாகனம் ஓடி வந்தார்.

"கைய எடுடா! ஈரத்துல தளந்தா மொத்தமும் சிக்கு. உங்கப்பன் வந்து பிரிப்பானா?"

"பாவு இருக்கட்டும் மாமா. கம்பத்த மட்டும் குடுங்க."

"கம்பம் போனா பாவ எவன் தாங்குவான்? உன் மன்றமா?"

"மன்றந்தான்."

அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்த அம்சா சிரித்தாள். "பந்துதான் புடிக்கல. கயிறாவது புடிங்கப்பா."

மன்றத்து ஆட்டக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கட்சிக்கொரு முனையில் பாவுக் கயிற்றைப் பிடித்தார்கள். மீதி இருந்த கலியனும் அவன் தம்பியும் கம்பங்களைப் பிடுங்கி, தெருக்கோடித் திடலுக்குத் தூக்கிப்போய் நட்டார்கள்.

அஜிதநாதன் திரும்பி வந்தபோது கம்பங்கள் திடலில் நின்றன. விளையாடத்தான் ஒருவனும் இல்லை. தெருவுக்குள் நடந்து வந்தார். இரண்டு முனையிலும் குதிகாலை மண்ணில் ஊன்றி, பின்னால் சாய்ந்து, வியர்வை வழிய நின்றார்கள். அவர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார். திரும்பி வந்தார். குனிந்து தர்மனின் கால்களைப் பார்த்தார்.

"இழுக்கவும் இல்ல, விடவும் இல்ல. எந்தக் கட்சி ஜெயிக்குது?"

"ஜெயிச்சா நூல் அறுந்துடும் சார்."

"அப்படியா!" அவருக்குக் கண் விரிந்தது. "கயிறு இழுக்கற போட்டிக்குத் தனி மானியம் இருக்குது, தெரியுமா? சீக்கிரம் வந்துடும்."

"கயிறு எங்ககிட்டயே இருக்குது. நெட்டு குடுங்க சார்," என்றான் தர்மன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்பது தை மாதம் பார்சல் வந்தபோதுதான் தெரிந்தது. உள்ளே ஒரு பந்து இருந்தது. கூடவே மணிக்கட்டு மொத்தத்தில் ஒரு வடக்கயிறு. நெட்டு இல்லை.

மயில்வாகனம் கயிற்றைத் தடவிப் பார்த்தார். "பாவுக்கு ஆவும்பா."

"எடுத்துக்கினு போய்ப் பாருங்க மாமா, தெரியும்."

தர்மன் அதைத் திடலுக்குக் கொண்டுபோய்க் கம்பங்களுக்கு நடுவில் இழுத்துக் கட்டினான். சாயங்காலமே ஆட்டம் தொடங்கியது. பந்து கயிற்றுக்கு மேலே போனதா கீழே போனதா என்று முதல் அடியிலேயே சண்டையும் தொடங்கியது.