நாற்றத்தின் விலை

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். வா என்று ஒரு வார்த்தை இல்லை. "வீடு வாங்க வந்தவரு உள்ள உக்காந்திருக்காரு. சொன்னது ஞாபகம் இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டாள். தங்கை தலையாட்டிவிட்டு, வேண்டாத விருந்தாளி மாதிரி உள்ளே போனாள்.

செய்த குற்றம் என்ன? படித்ததுதான். பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் பொருளாதாரம். குப்பைக் கிடங்கின் நாற்றம் வீட்டு விலையை எவ்வளவு தின்கிறது என்பது ஆய்வு. இருநூற்றுச் சொச்சம் கிரயப் பத்திரங்களைப் புரட்டி, கிடங்கையொட்டிய தெருக்களில் வீடு ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் போகிறது என்று நிரூபித்தாள். துறைக்காரர்கள் அதைப் பெருமையாக இணையத்தில் வேறு போட்டுத் தொலைத்தார்கள், தெருப்பெயர்கள் போட்ட வரைபடத்தோடு. அதில் அக்காவின் தெருவும் இருந்தது.

அக்காவோ அந்த வீட்டை விற்றுவிட்டு ஓடத் துடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து வயது மகளுக்கு மூச்சிரைப்பு. விற்ற பணத்தில்தான் ஊரின் மறுபக்கத்தில் வீடு வாங்க வேண்டும். விலை குறைந்தால் அது கைநழுவிப் போகும். வாங்க வந்த மருந்துக்கடைக்காரர் முன்பணம் வரை பேசிவிட்டு, அந்த ஆய்வைப் படித்ததும் ஐந்தில் ஒரு பங்கைக் குறை என்று உட்கார்ந்துவிட்டார். ஆய்வே தப்பு என்று நீயே வந்து சொல் என அத்தான் போனில் வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தார்.

தப்பென்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. இரண்டு வருட உழைப்பு அல்லவா? வரும் வழியெல்லாம் மண்டையைக் குடைந்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். தேர்வாளர் முன் பேசுவதுபோல மளமளவென்று விளக்கினாள்: இந்தத் தெருவில் விற்கிற விலையிலேயே நாற்றத்துக்கான குறைப்பு சேர்ந்துவிட்டது, அதில் மறுபடி ஐந்தில் ஒன்றைக் கழித்தால் ஒரே குறைக்கு இரண்டு தரம் கழித்ததாகும். அத்தானின் முகம் மலர்ந்தது.

வந்தவர் ஏமாளி இல்லை. "சரிம்மா. நாத்தமே இல்லாத ஏரியாவுல இதே அளவு வீடு என்ன விலை போகும்? உங்க பட்டியல்ல இருக்குமே" என்றார்.

இருந்தது. அவளுக்கு மனப்பாடம். அத்தான் கேட்கும் அதே விலை. நாற்றத்துக்காக இந்தப் புண்ணியவான் சல்லிக்காசு குறைக்கவில்லை. காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும் காலை வேளைகளில் மட்டும் ஆளை வரவழைத்து வீட்டைக் காட்டியிருக்கிறார். இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மருந்துக்கடைக்காரர் அவளுக்குக் காத்திராமல், கையோடு கொண்டுவந்திருந்த ஆய்வின் தாளைப் புரட்டி, விரலை வைத்து, தாமே படித்துக்கொண்டார். குறைத்த விலைக்குச் சம்மதமென்றால் சொல்லியனுப்புங்கள் என்று எழுந்து போனார்.

அத்தான் அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. மனைவியிடம், உன் தங்கச்சியைப் போகச் சொல் என்று சொல்லிவிட்டு அறைக்கதவை அறைந்து சாத்தினார்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நாங்க இங்கயே கெடந்தா பாப்பா என்ன ஆவா? அது உன் ஆய்வுல எத்தனாவது பக்கம்?"

"அத சேக்கலக்கா."

"ஒரு மாசம் இங்க தங்கி, அவ பக்கத்துல படுத்துத்தானடி எழுதின."

தங்கை பையை எடுத்துக்கொண்டாள்.

"அவ ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள போயிடு" என்றாள் அக்கா. "சித்தி சித்தின்னு வந்து உன்மேல விழுவா. எனக்குப் பாக்கச் சகிக்காது."