எழுபத்துநாலு சதவீதம்

சலூன் வைத்திருக்கும் அத்தானுக்குக் கத்தரியைவிட வாய் கூர்மை. வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எங்கள் வார்டையே தன் சலூன் ஆக்கிவிடுவார். மெஷினைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் நான். கூடவே மச்சினி என்பதால் கிண்டலில் பாதி எனக்குத்தான்.

மெஷினின் வடிகட்டி ரத்தத்திலிருந்து எவ்வளவு யூரியாவை எடுக்கிறது என்று மாதம் ஒருமுறை பார்ப்போம். தொடங்கும்போது கொஞ்சம் ரத்தம், முடியும்போது கொஞ்சம். யூரியா அறுபத்தைந்து சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். அத்தானுக்கு நூற்றைம்பது முப்பத்தொன்பதாக இறங்கியிருந்தது. எழுபத்துநாலு சதவீதம். அடுத்த வாரத்திலிருந்து அரை மணி குறைக்கலாம் என்றார் டாக்டர்.

அத்தானுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பள்ளிக்கூடத்துலகூட நான் இவ்வளவு வாங்கினதில்ல. இனிமே சாயந்திரம் ரெண்டு தலை கூடுதலா வெட்டலாம்."

அக்காதான் என்னைத் தனியாக இழுத்தாள். "அவ்வளவு சுத்தமாயிருந்தா ஏன்டி அரிப்பு நிக்கல? ரெண்டு வாய்க்கு மேல சாப்பாடு இறங்கல. எனக்குப் பயமா இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. கடைசி ரத்தம் எடுக்குமுன் பம்ப்பின் வேகத்தைக் குறைத்துக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெஷின் அப்போதுதான் சுத்தம் செய்து அனுப்பிய ரத்தமும் அதில் கலந்து, கணக்கு அழகாக வந்துவிடும். அன்று அத்தான் டாக்டர் மாதிரியே பேசிக் காட்டினார். நான் சிரித்துக்கொண்டே, பம்ப்பைத் தொடாமலே எடுத்துவிட்டேன். பதினோரு வருட அனுபவசாலி!

டாக்டரிடம் போய்ச் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுபடி முறைப்படி எடுத்ததில் அறுபத்தொன்று. குறைய வேண்டிய அரை மணி கூடிவிட்டது.

"பதிமூணு மார்க்கை அடிச்சிட்டீங்களே, டீச்சரம்மா."

"அது உங்க மார்க்கே இல்ல, அத்தான். என் தப்பு."

கால்மாட்டில் நின்ற அக்காவைப் பார்க்காமல், என்னிடம் சொன்னார்: "உங்க அக்காகிட்ட சொல்லிடு. இங்க வர்ற நாள்ல கடை கிடையாது. நாலரை மணி நேரமும் ஒழுங்கா உக்காந்துட்டு நேரா வீட்டுக்கு வந்துடறேன்."

"எனக்குக் காது கேக்கும்," என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.