பாப்பாவின் கூடை

சும்மா சொல்லக் கூடாது, அரசாங்கம் ஒரே நாளில் இரண்டு நல்ல காரியங்களை அறிவித்தது. விலைவாசியில் திணறும் ஜனங்களுக்கு வரிக்குறைப்பு ஒன்று, இலவசத் தொழிற்பயிற்சி இன்னொன்று. டி.வி.யில் அதைக் கேட்ட காலர்காரியின் புருஷன், முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே சிரித்தான்.

"வருமானம் இருந்தாத்தானே வரி? மொதல்ல அதைக் குடுக்கச் சொல்லு. அப்புறமா குறைச்சுக்கட்டும்."

மூட்டை தூக்கித் தூக்கி முழங்கால் போய், அவன் வீட்டோடு உட்கார்ந்து நாளாகிவிட்டது. சட்டைக் கம்பெனியில் அவள் காலர் தைத்து வாங்கிவரும் கூலியில்தான் மூன்று வயிறு நிறைய வேண்டும். மூன்றாவது வயிறு அவன் தங்கை. கல்யாண வயசு வந்தும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றே பெயர். படிப்பும் ஏறவில்லை, போன இடத்தில் வேலையும் நிலைக்கவில்லை.

"வரி கெடக்கட்டும். பயிற்சி சும்மாதானே குடுக்கிறாங்க? போய்ச் சேரு பாப்பா. கையில ஒரு சர்டிபிகேட் இருந்தா நாளைக்கு எவன் தயவும் வேண்டாம்," என்றாள் காலர்காரி.

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

தையல் வகுப்பு முடிந்ததும் செய்முறைக்காகக் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். காலர்காரியே முதலாளியிடம் கெஞ்சி, பாப்பாவைத் தன் பக்கத்து மெஷினில் உட்காரவைத்தாள். பயிற்சிக்கு வருபவர்களுக்குக் கூலி கிடையாது. அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் முதலாளிக்கு மட்டும், தலைக்கு இவ்வளவு என்று வரியில் தள்ளுபடி உண்டு. வரிக்குறைப்பு யாருக்கு என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

காலர் லேசுப்பட்ட வேலை இல்லை. தைத்ததை உள்வெளியாகத் திருப்பி, முனையைக் குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். அழுத்திக் குத்தினால் கிழியும், பயந்து குத்தினால் மழுங்கும். பாப்பா குத்தியதில் பாதி கிழிந்தது, மீதி மழுங்கியது.

"என்னைத் தொரத்திடுவாங்க அண்ணி," என்று முதல் நாளே கண் கலங்கினாள்.

"அட, இதுக்குப் போய் அழுவாங்களா? கூடையை இப்படித் தள்ளு."

ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கூடை. தைத்ததை அதில் போட வேண்டும், சாயங்காலம் முதலாளி வந்து கிளறிப் பார்ப்பார். காலர்காரி தன் காலர்களை அள்ளிப் பாப்பாவின் கூடையில் போட்டாள், பாப்பாவின் கோணல்களைத் தன் கூடைக்கு மாற்றிக்கொண்டாள். எத்தனை வருஷம் பேர் வாங்கிய கை! நாலு கோணல் இருந்தால் என்ன சொல்லிவிடப் போகிறார் என்ற நினைப்பு.

முதலாளி பாப்பாவின் கூடையைக் கிளறி, "பலே!" என்றார். இவள் கூடையைக் கிளறி ஒன்றும் சொல்லவில்லை. தினமும் அப்படித்தான். சொல்லாததை மரியாதை என்று இவள் எடுத்துக்கொண்டாள், பைத்தியக்காரி.

வாரக் கடைசியில் முதலாளி இவளை உள்ளே கூப்பிட்டார்.

"கை தளந்துபோச்சும்மா உனக்கு. கூலி வாங்காத பொண்ணு எப்படித் தைக்குது பாரு! அப்புறம் உனக்கு எதுக்குக் கூலி குடுக்கணும்? திங்கக்கிழமைலருந்து வர வேண்டாம்."

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அது என் கை ஐயா, அந்தக் கூடையில் கிடப்பது அத்தனையும் என் கை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பாப்பா முகம் வெளுத்து நின்றாள். சொன்னால் அவள் சர்டிபிகேட் போகும், இரண்டு பேருக்கும் ஏமாற்றுக்காரி என்ற பட்டம் கிடைக்கும், வேலை திரும்பி வரும் என்று யார் கண்டது? வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் பாப்பா ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். உள்ளே வெட்டிய காலர் துணி.

"வீட்டுலயும் தைக்கிறேன்னு கேட்டேன். ஆர்வமான பொண்ணுன்னு சந்தோஷமாக் குடுத்தாரு," என்றாள், தலையை நிமிர்த்தாமல். "சர்டிபிகேட் வர்ற வரைக்கும் மட்டும் அண்ணி..."

"உனக்கு வெக்கமா இல்ல?" என்று ஆரம்பித்த புருஷன், பொண்டாட்டி முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"விடுங்க. அந்த சர்டிபிகேட் ஒண்ணாவது வீட்டுக்கு வரட்டும்," என்று அவள் எழுந்து, மூலையில் கிடந்த பழைய தையல் மெஷினின் தூசியைத் துடைத்தாள்.

போன வாரம் கூலிக்குத் தைத்த அதே காலர். அதே முதலாளிக்கு. காலணா கிடையாது.

"சர்டிபிகேட் வந்ததும் அங்கேயே கூலிக்கு வச்சுப்பாங்கல்ல, அண்ணி?"

காலர்காரி ஒரு முனையைக் குத்தித் திருப்பினாள்.

"வச்சுப்பாங்க. அடுத்த பயிற்சிக்கு ஆள் வர்ற வரைக்கும்."

பாப்பா அடுத்த துணியை எடுத்து நீட்டினாள்.